ஸ்டவுட் பாட்டிலை எடுத்தவுடன் திறக்காதீர்கள்
போர்ட்டர், ஸ்டவுட் போன்ற கரிய பீர்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறக்காமல், குளிரான ஊரென்றால் அரை மணி நேரமும், கொழும்பு போன்ற வெக்கையான ஊரென்றால் பத்துப் பதினைந்து நிமிடமும் வெளியே வைத்திருந்து, ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸுக்கு வந்தபின் ஊற்றுங்கள். தெர்மாமீட்டர் தேவையில்லை, பாட்டிலை உள்ளங்கையால் பற்றும்போது குளிர்ச்சி தெரிய வேண்டும், கை விறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடுங்குளிரில் மணம் தரும் பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை, நாக்கும் சற்று மரத்துப்போகிறது என்பதால், வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) காப்பி, சாக்லேட் வாசனை அடங்கி, கசப்பும் கரியமில வாயுவின் சுருக்கென்ற குத்தலும் மட்டுமே முன்னே நிற்கும். பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதிக்கும் ரியல் ஏல் என்னும் பீரை இங்கிலாந்துப் பப்கள் 11 முதல் 13 டிகிரி நிலவறையில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைச் 'சூடான பீர்' என்று கேலி செய்வது நியாயமே அல்ல. 8.8 சதவீத ஆல்கஹால் கொண்ட இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் போன்ற கனமான வகைகளில் இந்த வேறுபாடு முதல் மிடறிலேயே தெரியும்.

குளிரக் குளிரக் குடிக்கும் வெளிர்நிற பீரான லாகருக்கு இது பொருந்தாது. உள்ளே நைட்ரஜன் அடைத்த சிறு பிளாஸ்டிக் உருண்டை வைத்த கின்னஸ் டிராஃப்ட் கேனுக்கும் வேண்டாம். அதை நன்றாகக் குளிர்விக்காமல் திறந்தால் நுரை பொங்கி மேசையெல்லாம் வழியும்.