பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்ட ஓவர்லே: எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பழைய 486 அல்லது பென்டியம் கணினியின் ஸ்விட்சைப் போடுகிறீர்கள். மெமரி எண்ணி முடிகிறது. டாஸ் தொடங்குவதற்கு முன், ஓரிரு விநாடி திரையில் 'ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர்' என்றோ 'ஈஸி-டிரைவ்' என்றோ ஒரு பட்டை வந்து போகிறது. அந்தப் பட்டை வந்தால், அந்த டிஸ்க்கில் ஓவர்லே, அதாவது பெரிய டிஸ்க்கைப் பழைய கணினிக்குப் புரியவைக்கும் இடைநிலை மென்பொருள், இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் தேடினால் அதன் பெயர்கூடக் கிடைக்காது.

அது ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறு குறையும். அந்தக் காலத்து பயாஸ் (மதர்போர்டில் இருந்து கணினியை எழுப்பும் நிரல்) 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைதான் எண்ணும். செக்டருக்கு 512 பைட் வீதம் பெருக்கிப் பார்த்தால் 528 எம்பி. அதைத் தாண்டியதும் 2.1 ஜிபியில், 8.4 ஜிபியில், 33.8 ஜிபியில், 137 ஜிபியில் என்று அடுத்தடுத்த சுவர்கள். டிஸ்க் பெரிதாகிக்கொண்டே போனது, மதர்போர்டு பழையதாகவே இருந்தது. அதனால் டிஸ்க் தயாரிப்பாளர்களே ஒரு பிளாப்பியில் இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். அது டிஸ்க்கின் முதல் டிராக்கில் (முதல் 63 செக்டரில்) உட்கார்ந்துகொண்டு, இயங்குதளத்துக்கு முன்பே எழுந்து, பயாஸின் இடத்தில் நின்று பதில் சொல்லும்.

இதனால்தான் மிகச் சாதாரணமான முயற்சி பலிப்பதில்லை: சி டிரைவை ஃபார்மட் செய்வது. ஃபார்மட் பார்ட்டிஷனுக்குள், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதிக்குள், மட்டுமே வேலை செய்யும். முதல் டிராக்கை அது தொடாது. விண்டோஸை மறுபடி நிறுவி முடித்து ரீபூட் செய்தால், அதே பட்டை சாவகாசமாகத் திரும்பி வரும்.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. சுத்தமான டாஸ் பிளாப்பியைப் போட்டு நேரடியாக பூட் செய்கிறோம். சி: என்று தட்டினால் 'இன்வேலிட் டிரைவ் ஸ்பெசிஃபிகேஷன்'. பார்ட்டிஷன்களைக் காட்டும் டாஸ் நிரலான எஃப்டிஸ்க்கில் பார்த்தால் 'நான்-டாஸ்' பார்ட்டிஷன் என்கிறது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அங்கேயே பார்ட்டிஷனை அழிப்பவர்கள் உண்டு. உண்மையில் எதுவும் போகவில்லை. பிளாப்பி முதலில் எழுந்ததால் ஓவர்லே எழவில்லை, அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜர் மொத்த டிஸ்க்கையும் 63 செக்டர் தள்ளி வைத்துவிடும். முதல் செக்டரில் 54 என்ற ஹெக்ஸ் எண்ணோடு ஒரு போலிப் பார்ட்டிஷனைக் காட்டும். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் உண்மையான அட்டவணை 63 செக்டர் தள்ளி இருக்கும். ஈஸி-டிரைவ் அவ்வளவு தூரம் போவதில்லை. முதல் செக்டரில் 55 என்று போட்டுவிட்டு, உண்மையான அட்டவணையை அடுத்த செக்டரில் வைத்துக்கொள்ளும். தரவு தன் இடத்திலேயே இருக்கும்.

பிளாப்பியிலிருந்து வேலை செய்துகொண்டே தரவையும் பார்க்க வேண்டுமென்றால், முதலில் ஹார்ட் டிஸ்க்கே எழட்டும். பட்டை வந்ததும் டிஸ்க் மேனேஜரில் ஸ்பேஸ் பாரையும், ஈஸி-டிரைவில் கன்ட்ரோல் விசையையும் அழுத்தி, அதன் பிறகு பிளாப்பியைப் போடுங்கள். காப்பு எடுப்பதானால் இந்த வழியில் எடுங்கள். அகற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தரவைப் படிக்க வழி காட்டியவரையே நீங்கள் வெளியே அனுப்பியிருப்பீர்கள்.

'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' என்ற கட்டளையை எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகக் கொடுப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அது பூட் நிரலை மட்டும் மாற்றி எழுதும்; பார்ட்டிஷன் அட்டவணையைச் சரிசெய்யாது. சுத்தமான பிளாப்பியிலிருந்து அடித்தால், ஓவர்லே எழாது, தரவும் தெரியாது, 54 மட்டும் அப்படியே நிற்கும். ஓவர்லே இயங்கும்போது அடித்தாலோ வேடிக்கை: ஈஸி-டிரைவ் முதல் செக்டரில் எழுத வருவதை அடுத்த செக்டருக்குத் திருப்பிவிடும். கட்டளை வெற்றி போலத் தோன்றும், பட்டை மறுபடி வரும்.

முறையாக அகற்றும் வசதி அந்தந்த மென்பொருளின் பிளாப்பியிலேயே, பராமரிப்பு மெனுவில் இருக்கும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் பயாஸைப் பாருங்கள். ஓவர்லே போட்ட காலத்தில் டிஸ்க்கை 'யூசர்' வகையாக, 1023 சிலிண்டர் என்று வேண்டுமென்றே குறைத்துப் பதிந்திருப்பார்கள். அதை 'ஆட்டோ'வுக்கு மாற்றி, எல்பிஏ முறையில் (செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) முழு அளவும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையென்றால் ஓவர்லேயை எடுக்காதீர்கள். எடுத்தால் 4 ஜிபி டிஸ்க் 528 எம்பியாகச் சுருங்கும். பயாஸைப் புதுப்பிக்கலாம், அல்லது சொந்த பயாஸ் உள்ள ஐடிஇ கார்டு (டிஸ்க்கை இணைக்கும் கார்டு) ஒன்றைச் செருகலாம். டிஸ்க்கின் முதுகில் கொள்ளளவைக் குறைக்கும் ஜம்பர் (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) ஏதும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பயாஸில் 'வைரஸ் வார்னிங்' இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் செக்டரில் எழுதும்போது நடுவில் வந்து நிற்கும்.

டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினால், புதிய விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கலாம். கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய லினக்ஸ் கெர்னல்களின் ஐடிஇ டிரைவரில் இந்த 63 செக்டர் தள்ளலைச் சரிசெய்யத் தனி விருப்பமே இருந்தது. அந்த டிரைவரே இப்போது இல்லை. அதற்குப் பதில் டிஸ்க் மேனேஜர் டிஸ்க்கை 32,256 பைட் தள்ளி, அதாவது 63 பெருக்கல் 512, லினக்ஸில் வாசிக்க மட்டும் அனுமதிக்கும் லூப் டிவைஸாக (மென்பொருளால் உருவாக்கும் போலி டிஸ்க்காக) இணைத்தால் பழைய பார்ட்டிஷன்கள் தெரிய வரும். எழுத அனுமதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தரவே வேண்டாம் என்றால் வேலை எளிது. 'லோ லெவல் ஃபார்மட்' எதுவும் தேவையில்லை. அதுவும் பழைய பயாஸ் மெனுவில் அந்தப் பெயரில் இருக்கும் வசதி ஐடிஇ டிஸ்க்குக்கு ஏற்றதல்ல, அதன் பக்கமே போகாதீர்கள். லினக்ஸில் டிடி கட்டளையால் தொடக்கத்தில் பூச்சியங்களை நிரப்பினால் போதும். 63 செக்டரோடு நிறுத்தாமல், முதல் ஒரு எம்பி முழுவதையும் துடையுங்கள். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால், 63 என்று கொடுத்தால் 62-ஆம் செக்டரோடு நின்றுவிடும். டிஸ்க் மேனேஜரின் உண்மையான அட்டவணை அடுத்ததில் தப்பித்துக்கொள்ளும். எந்த டிஸ்க்கின் பெயரைத் தட்டுகிறீர்கள் என்பதை என்டர் அழுத்துமுன் கொள்ளளவை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பிறகு பிளாப்பியோ யூஎஸ்பியோ இல்லாமல் கணினியை எழுப்புங்கள். பட்டை வராமல், பூட் செய்ய எதுவும் இல்லை என்று பயாஸ் புலம்பினால் ஓவர்லே போய்விட்டது.