சாமி கும்பிட்டா காசு வருமா? யாராவது இப்படி வாதம் பண்ணா எப்படி அலசுறது

"எங்க மதத்துக்காரங்கதான் முன்னேறுறாங்க, அவங்க மதம் அப்படி, அதான் ஏழையாவே கெடக்காங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா உடனே சண்டைக்குப் போகாதீங்க, தலையும் ஆட்டாதீங்க. நம்பிக்கையால காசு வந்துச்சா, இல்ல அதோட ஒட்டிக்கிட்டு வந்த வேற ஏதாச்சும் காரணமான்னு மொதல்ல பாருங்க.

படிப்புலேருந்து ஆரம்பிங்க. 1904-05ல மாக்ஸ் வெபர்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் என்ன எழுதுனாருன்னா, கிறிஸ்தவத்துல புராட்டஸ்டன்ட் பிரிவு ஆளுங்க உழைப்பையும் சிக்கனத்தையும் கடவுளுக்குச் செய்ற கடமையா பாத்தாங்க, முதலாளித்துவம் வளர்றதுக்கு அது பெரிய உந்துதல்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2009ல பெக்கர், வோஸ்மன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க 19ஆம் நூற்றாண்டு பிரஷ்யா (அப்போ இருந்த ஒரு ஜெர்மன் அரசு) கணக்கை மாவட்டம் மாவட்டமா பிரிச்சுப் பாத்தப்ப, புராட்டஸ்டன்ட் ஆளுங்களோட கூடுதல் வசதிக்கு எழுத்தறிவே போதுமான காரணமா இருந்துச்சு. புராட்டஸ்டன்ட் பிரிவுக்கு வித்திட்ட லூதர், எல்லாரும் பைபிளைத் தானே படிக்கணும்னு சொல்லி பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டாரு, பைபிள் படிக்கத் தெரிஞ்சவனுக்குக் கடன் பத்திரம் படிக்கவா தெரியாம போகும்?

அடுத்து, முன்னேறுன ஆளுங்களுக்கு எந்தக் கதவு மூடியிருந்துச்சுன்னு பாருங்க, இதைத்தான் பலரும் விட்டுர்றாங்க. இங்கிலாந்துல குவேக்கர்னு ஒரு சின்னக் கிறிஸ்தவக் கூட்டம், பார்க்லேஸ், லாயிட்ஸ் பேங்கு, கேட்பரி சாக்லேட் கம்பெனி எல்லாம் அவங்க ஆரம்பிச்சதுதான். அவங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்ல ரொம்ப காலம் பட்டம் கெடையாது, அரசாங்க உத்தியோகமும் கெடையாது, மிச்சம் இருந்தது வியாபாரம்தான். பேரம் பேசாம ஒரே விலைன்னு விப்பாங்க, திவாலானா சபையே விசாரிச்சு ஆளை வெளிய தள்ளிரும். அப்புறம் கடன் குடுக்குறவனுக்கு என்ன பயம்? இதுல சாமிக்கு எவ்வளவு பங்கு, சபையோட கண்காணிப்புக்கு எவ்வளவு பங்குன்னு நீங்களே பிரிச்சுப் பாருங்க (என் ஓட்டு கண்காணிப்புக்குத்தான்).

எது காரணம், எது விளைவுங்கற திசையையும் ஒரு தடவை திருப்பிப் பாத்துருங்க. பணக்கார நாடுகள்ல பொதுவா பக்தி கம்மி, அமெரிக்கா மாதிரி சில நாடுங்க அதுல அடங்காது. வசதி வந்ததால பக்தி கொறைஞ்சுருக்கலாம், அதை வச்சு பக்திதான் வறுமைக்குக் காரணம்னு சொல்லிற முடியாது.

கடைசியா "காணிக்கை போடு, பல மடங்கா திரும்பி வரும்"னு சொல்றவங்க. மேடையில ஏறி சாட்சி சொல்றவன் ஜெயிச்சவன் மட்டும்தான், போட்டுட்டு கடன்ல நிக்கிறவனுக்கு யாரும் மைக் குடுக்க மாட்டாங்க, அந்த ஆளுங்க எத்தனை பேருன்னு கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் பர்ஸைத் தொறக்க வேணாம்.