கனமான ஸ்பீக்கருக்கு ஸ்பைக் மாட்டுவது எப்படி?

தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையும் பெரும்பாலும் கிடக்கும். அதில் ஸ்பைக் எனப்படும் கூரான உலோகக் கால்கள், அவற்றுக்கான நட்கள், சில சமயம் நடுவில் குழிந்த வட்டத் தட்டுகள். பலர் இந்தப் பையைப் பிரிப்பதே இல்லை. பிரித்து மாட்டுபவர்களில் பாதிப் பேர் நட்டை இறுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பைக் எதற்கு? பெட்டி ஆடாமல் நிற்பதற்கு. பேஸ் ஒலிக்கும்போது வூஃபர், அதாவது பேஸ் தரும் பெரிய கோன், முன்னும் பின்னும் தள்ளுகிறது. அப்போது அடியில் மெத்தென்று கார்ப்பெட் இருந்தால் பெட்டியும் லேசாக அசையும். கூர்முனை கார்ப்பெட்டைத் துளைத்துக் கீழே இருக்கும் கெட்டித் தரையில் ஊன்றிக்கொள்ளும். மாட்டியதும் ஒலி தலைகீழாக மாறிவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு காலும் ஒழுங்காக ஊன்றி, நட் இறுகியிருந்தால் கூடவே வந்த சாதாரண ஸ்பைக்கே போதும். காலே ஆடுகிறதென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பைக்காலும் பயனில்லை.

முதலில் தரையைப் பாருங்கள்

கார்ப்பெட்டுக்குக் கீழே கான்கிரீட் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்பைக்தான். டைல்ஸ், மார்பிள், மரத்தரை என்றால் ஸ்பைக்குக் கீழே அந்த வட்டத் தட்டு, அதாவது ஸ்பைக் ஷூ, கட்டாயம் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 கிலோ ஸ்பீக்கர், நான்கு கால். ஒரு காலுக்கு 8 கிலோ. முனையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், அந்த இடத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோ. மரத்தில் குழி விழ அது தாராளமாகப் போதும். டைல்ஸின் பளபளப்பும் பெயரும். ஷூ இல்லாவிட்டால் தற்காலிகமாக ஒரு தடித்த நாணயத்தை வைக்கலாம், ஆனால் முனை வழுக்கி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்றால் ஸ்பைக் அதற்கான மருந்து இல்லை. அது அதிர்வைத் தடுப்பதில்லை, தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உத்திரங்களின் மேல் பலகை அடித்த, நடந்தால் அதிரும் மரத்தரையிலும் இதே கதைதான். அங்கெல்லாம் ரப்பர் கால் அல்லது அதிர்வை உறிஞ்சும் பேட் நல்லது.

மரை பொருந்துகிறதா?

ஸ்பீக்கரோடு வந்த ஸ்பைக் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தனியாக வாங்குவதானால், அடிப்பலகையில் பதித்திருக்கும் உலோக மரையின் அளவு தெரிய வேண்டும். பரவலாக இருப்பவை எம்6, எம்8, அதாவது 6 மி.மீ., 8 மி.மீ. விட்டமுள்ள மரைகள். இவை போக, கால் இன்ச் மரையும் உண்டு. அதன் விட்டம் 6.35 மி.மீ., கண்ணுக்கு எம்6 மாதிரியே தெரியும். மரையின் இடைவெளிதான் வேறு. கையால் ஓரிரு சுற்று ஏறியதும் சட்டென்று இறுகினால் நிறுத்திவிடுங்கள். அடியில் மரையே இல்லாத ஸ்பீக்கரில் நீங்களாக டிரில் போட வேண்டாம். ஒட்டும் வகை ஸ்பைக்கையும் கனமான பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: இடத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்பைக் ஏறியபின் ஸ்பீக்கரை நகர்த்துவது பெரும்பாடு. அதனால் ஸ்பைக் இல்லாமலே பாட்டுக் கேட்டு, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், உட்காரும் இடத்தை நோக்கி எவ்வளவு திருப்புவது என்று முடிவு செய்துவிடுங்கள். பெட்டியின் நான்கு மூலைகளையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் எதுவும் ஓடவில்லை என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

படி 2: படுக்க வையுங்கள்

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். தரையில் தடித்த போர்வையை விரித்து, ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். பின்பக்கமாகச் சாய்த்தால் வயர் மாட்டும் முனைகள் நசுங்கும். தலைகீழாக நிறுத்துவது இன்னும் மோசம். தூக்கும்போது முன்பக்கக் கோன்களில் விரல் படக் கூடாது. பக்கவாட்டிலேயே வூஃபர் இருக்கும் மாடல் என்றால் மறுபக்கம் சாய்க்கலாம். இரண்டு பக்கமும் இருந்தால் அட்டைப்பெட்டியில் வந்த தெர்மக்கோலை அணைகொடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஸ்பைக்கை ஏற்றுங்கள்

ஏற்கெனவே இருக்கும் ரப்பர் கால்களைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு ஸ்பைக்கிலும் நட்டைப் போட்டு, கூர்முனைப் பக்கம் அது போகும் வரை இறக்கிவிடுங்கள். பிறகு ஸ்பைக்கை மரையின் வாயில் நேராக வைத்து, முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ‘டக்’ என்று லேசாக ஒரு இறக்கம் கையில் தெரியும். மரையும் மரையும் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் விரலாலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். பவர் டூல் வேண்டவே வேண்டாம். எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) பதித்த மரை ஒருமுறை பிய்ந்துவிட்டால் சரிசெய்வது கஷ்டம்.

நான்கையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி, முழுதாக முட்டவிடாமல் மூன்று நான்கு சுற்று மிச்சம் வையுங்கள். மட்டம் பார்க்கும்போது அந்த மிச்சம்தான் கைகொடுக்கும். முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி இருந்தால் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம்.

படி 4: நிமிர்த்துங்கள்

நிறையப் பேர் தப்புச் செய்வது இந்த இடத்தில்தான். இரண்டு ஸ்பைக்கைத் தரையில் ஊன்றி, அவற்றின் மேலேயே முழுப் பெட்டியையும் நெம்பி நிமிர்த்துவார்கள். ஸ்பைக் நேர் எடையைத் தாங்குமே தவிர, பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இருவரும் சேர்ந்து முழுதாகத் தூக்கி, நேராக இறக்குங்கள். கால்விரலைத் தள்ளி வையுங்கள்; உங்கள் காலில் ஷூ போட்டுக்கொள்வது நல்லது.

கெட்டித் தரை என்றால், இறக்குவதற்கு முன்பே ஸ்பைக் ஷூக்களை டேப் குறிக்குள் அதனதன் இடத்தில் வைத்துவிடுங்கள். ஒருவர் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு முனையும் ஷூவின் குழியில் உட்காரும்படி நகர்த்திக்கொடுக்கலாம். கார்ப்பெட் என்றால் மூடியைக் கழற்றி, இறக்கியபின் மேலிருந்து நேராக அழுத்திவிடுங்கள்.

படி 5: மட்டமும் ஆட்டமும்

பெட்டியின் தலையில் ரசமட்டத்தை முன்பின்னாக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். எம்8 மரை ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும், எம்6 ஒரு மி.மீ. ஆகவே கால் சுற்று, அரைச் சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். திருப்பும்போது துணைக்கு இருப்பவர் பெட்டியைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து அந்த மூலையின் எடையைக் குறைக்கட்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கும்போது திசை குழப்பும்: வலப்பக்கம் திருப்பினால் ஸ்பைக் வெளியே இறங்கி அந்த மூலை உயரும்.

மட்டம் சரி என்றாலும் ஆட்டம் இருக்கலாம். ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி, மூன்று ஊன்றி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். லேசான ‘டொக்’ கேட்டால், சும்மா சுழலும் ஸ்பைக் எது என்று விரலால் தேடி, அது தரையைத் தொடும் வரை இறக்குங்கள்.

படி 6: நட்டை இறுக்குங்கள்

ஸ்பைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நட்டை அடிப்பலகையில் முட்டும் வரை மேலேற்றி ஸ்பானரால் இறுக்குங்கள். வழக்கமான எம்6 நட்டுக்கு 10 நம்பர் ஸ்பானர், எம்8-க்கு 13. ஸ்பைக்கைப் பிடிக்காவிட்டால் அதுவும் கூடவே சுற்றி, பார்த்த மட்டம் கெட்டுவிடும். முக்கி முக்கி இறுக்க வேண்டியதில்லை; முட்டியபின் ஒரு சின்ன அழுத்தம் போதும். லூஸாக விட்ட நட் பேஸ் வரும்போது கிணுகிணுக்கும். ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்து போய்விடுவீர்கள்.

வயரை மாட்டிப் பாட்டைப் போடுங்கள். ஸ்பைக்கும் ஷூவும் சேர்ந்து பெட்டியை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கும், ட்வீட்டர் (கீச்சென்ற உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) உங்கள் காது மட்டத்தைவிட மேலே போயிருக்கலாம். ஒலி கொஞ்சம் மாறித் தெரிந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம். முன்கால்களை ஒரு சுற்று பெட்டிக்குள் ஏற்றிப் பெட்டியை இம்மியளவு முன்சாய்த்தும் கேட்டுப் பாருங்கள். மறுபடி நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

கார்ப்பெட்டில் வைத்தவர்கள் ஓரிரு வாரம் கழித்து மட்டத்தையும் நட்டையும் இன்னொரு முறை பாருங்கள். எடை அழுத்த அழுத்த அடியில் இருக்கும் மெத்தை அமுங்கி, ஸ்பைக் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.