ஒயரைத் தொங்கவிட்டுச் செருகுங்கள்

காளான் அறையிலோ நாற்றுத் தட்டுகளுக்கு மேலோ எல்இடி விளக்கு மாட்டினால், ஒயரை விறைப்பாக இழுத்துச் செருகாதீர்கள். பிளக் பாயிண்டுக்கு அரை அடி கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலேறிச் செருகும்படி விடுங்கள். தெளித்த தண்ணீர் ஒயர்மேல் வழிந்து வந்தாலும் வளைவின் அடியில் சேர்ந்து சொட்டிவிடும். 230 வோல்ட் இருக்கும் துளைக்குள் ஏறாது. காலணா செலவில்லை. அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பக்கம் கோடையில் சிப்பிக் காளான் பைகள் காயாமலிருக்க ஓயாமல் தெளிக்கவேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையிலோ சுவரே வியர்க்கிறது. இரண்டு பருவத்துக்கும் இது உதவும்.

தரையோரப் பிளக் பாயிண்டுக்கும் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் இது பயன்படாது. முதலில் அவற்றை இடுப்புயரத்துக்கு ஏற்றுங்கள். டேப் சுற்றிய ஒட்டு உள்ள ஒயர் என்றால் வளைப்பதெல்லாம் வீண், ஒயரையே மாற்றிவிடுங்கள். பனிபோல் நீரடிக்கும் ஃபாகர் ஓடும் அறையில் பிளக் பாயிண்ட் வெளியேதான் இருக்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மெயின் பெட்டியில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் விளக்கு வாங்குமுன் அதை வாங்குங்கள்.