முயலின் ஈரல், குரங்கின் இதயம்: ஆசிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து சிறார் கதை எழுதுவது எப்படி

பீச் பழத்திலிருந்து பிறக்கும் ஜப்பானியக் கதைச் சிறுவன் மோமொத்தாரோவை மோகன் ஆக்கி, பீச் பழத்தை மாம்பழம் ஆக்கி, கடைசியில் "ஒற்றுமையே பலம்" என்று ஒரு வரி சேர்த்தால் அது புதிய சிறார் கதை ஆகிவிடாது. பெயர் மாறியிருக்கும், பழம் மாறியிருக்கும், கதை மட்டும் உயிரில்லாமல் கிடக்கும். நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முடிச்சைத்தான். அந்த முடிச்சு ஒரே ஒரு வடிவத்தைப் படித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே கதையின் மூன்று, நான்கு வடிவங்களை அருகருகே வைத்துப் படித்தால்தான் பிடிபடும். சிறார் கதை எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேலையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நான்கு வடிவங்கள், ஒரு முடிச்சு

நமக்கு நன்றாகத் தெரிந்த குரங்கும் முதலையும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுத்தாளில், ஒரு வடிவத்துக்கு ஒன்றாக, மேலிருந்து கீழாக நான்கு பத்தி போடுங்கள். இடது ஓரத்தில் ஐந்து கேள்விகள்: யாருக்கு வேண்டும்? என்ன வேண்டும்? எப்படி ஏமாற்றி அழைத்துப் போகிறார்கள்? தப்பிக்கச் சொன்ன பொய் என்ன? முடிவில் யாருக்கு என்ன ஆனது?

பஞ்சதந்திரத்தில் குரங்கும் முதலையும் நண்பர்கள். நாவல் மரத்துக் குரங்கு பழம் கொடுக்கிறது. இவ்வளவு இனிப்பைத் தின்கிறவனின் இதயம் எவ்வளவு இனிக்கும் என்று முதலையின் மனைவிக்கு ஆசை. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் 208-ஆவதான சுஞ்சுமார ஜாதகத்தில் நட்பு கிடையாது. அக்கரையில் பழம் இருக்கிறது என்று ஆசை காட்டித்தான் முதலை கூட்டிப்போகிறது. கொரியாவில் கடலரசனுக்கு நோய், முயலின் ஈரல்தான் மருந்து, தூக்கி வர ஆமை போகிறது. 1145-இல் தொகுக்கப்பட்ட 'சாம்குக் சாகி' என்ற வரலாற்று நூலில் இந்தக் கதை, சிறைப்பட்ட தூதர் ஒருவருக்குத் தப்பிக்க வழிகாட்டும் குறிப்பாகச் சொல்லப்படுகிறது. அங்கே நோயாளி கடலரசனின் மகள். ஜப்பானில் நோயாளி கடலரசி, தேவைப்படுவது குரங்கின் ஈரல், அழைத்துவரப் போவது ஜெல்லிமீன். காரியம் கெட்டதும் அதை அடித்து நொறுக்கிவிடுகிறார்கள். ஜெல்லிமீனுக்கு எலும்பில்லாமல் போனது அதனால்தானாம்.

தாளை நிரப்பிவிட்டு, எல்லாப் பத்திகளிலும் மாறாமல் இருப்பதற்கு அடிக்கோடு போடுங்கள். விலங்கு மாறுகிறது, உறுப்பு மாறுகிறது, தண்டனை மாறுகிறது. மாறாதது ஒன்றுதான்: தப்ப முடியாத நடுத்தண்ணீரில் மாட்டிக்கொண்ட சிறியவன், "நீ கேட்கும் பொருளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேனே!" என்கிறான். தூக்கி வந்தவனே அவனைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறான். இதுதான் முடிச்சு. நாட்டுப்புறவியலாளர்கள் உலகக் கதைகளை வகைப்படுத்திய ஏ.டி.யு. அட்டவணையில் இதற்கு எண் 91. "ATU 91" என்று தேடுபொறியில் கொடுத்தால் மற்ற நாட்டு வடிவங்களும் கிடைக்கும்.

ஜாதகத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குரங்கு வெறுமனே பொய் சொல்லிவிட்டு நிற்கவில்லை. பழுத்துத் தொங்கும் அத்திக் குலைகளைக் காட்டி, "அதோ பார், எங்கள் இதயங்கள் அங்கேதான் தொங்குகின்றன" என்கிறது. செக்கச்செவேலென்று குலைகுலையாகத் தொங்கும் அத்திப்பழத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பொய்க்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி இருக்கிறது. படத்தோடு வரும் கதைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இப்போது உங்கள் கதை. முடிச்சை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உங்களுக்கு நேரில் தெரிந்த ஓரிடத்திலிருந்து எடுங்கள். பிச்சாவரத்து அலையாத்திக் காடு என்று வையுங்கள். செம்பருந்து ஒரு நண்டைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. நண்டு சொல்கிறது: "ஐயோ, இது வெறும் சட்டை. சதையெல்லாம் வளையில் கழற்றி வைத்திருக்கிறேன்." பருந்து நம்புமா? கீழே சேற்றில் ஒரு நண்டு உரித்துப்போட்ட ஓடு கிடக்கிறது. நண்டு வளரும்போது ஓட்டைக் கழற்றும் என்பது உண்மை. அத்திப்பழத்தின் வேலையை இங்கே அந்த ஓடு செய்கிறது. குரங்கும் இல்லை, முதலையும் இல்லை, ஆனாலும் இது அந்தப் பழைய கதையின் பேரப்பிள்ளை. நண்டு ஓடு கழற்றுவது தெரியாமல் மேசையில் உட்கார்ந்து விலங்கை மட்டும் மாற்றியிருந்தால் பொய்க்குச் சாட்சி கிடைத்திருக்காது. கதை அங்கேயே படுத்திருக்கும்.

இப்படி அருகருகே வைத்துப் பார்ப்பது புது வழக்கம் அல்ல. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் தன் நாட்டுக் குரங்கு–ஆமைக் கதையையும் ஜப்பானின் குரங்கு–நண்டுக் கதையையும் ஒப்பிட்டு 1889-இல் லண்டன் இதழ் ஒன்றில் எழுதினார்.

எங்கே தேடுவது, எதை நம்புவது

பண்டித நடேச சாஸ்திரி தென்னிந்தியக் கதைகளை 1880-களிலேயே ஆங்கிலத்தில் தொகுத்தார். இலங்கையின் கிராமக் கதைகளை ஹென்றி பார்க்கர் 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஜாதகங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இதே போலப் பழையது. இவை இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் கி. ராஜநாராயணன் திரட்டிய கதைகளைக் கட்டாயம் படியுங்கள். சொல்கிறவரின் வாய்மொழி எப்படி எழுத்தில் நிற்கும் என்பதற்கு அதுவே பயிற்சி.

பழைய ஆங்கிலத் தொகுப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. தொகுத்தவர்கள் தங்கள் வாசகருக்காகக் கதையை மாற்றினார்கள். ஜப்பானியக் கதைகளை 1903-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட யெய் தியோடோரா ஒசாக்கி, இவை நேர் மொழிபெயர்ப்பு அல்ல, மேற்கத்தியச் சிறுவர்களுக்காகச் சொல்லப்பட்டவை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். முன்னுரையைப் படிக்காமல் கதைக்குள் போகாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் "ஒரு கதை சொல்லுங்க" என்று கேட்டால் "எனக்கு என்ன தெரியும்" என்பார்கள். தெரிந்த ஒரு கதையை வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். "அப்படி இல்லடா" என்று திருத்தத் தொடங்குவார்கள். அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்து, சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். எழுத்தில் இறக்கும்போது அவர் சொன்ன "அப்ப பாத்துக்க", "என்னடான்னா" போன்றவற்றை முதல் படியில் வெட்டாதீர்கள். கதையின் தாளம் அங்கேதான் இருக்கிறது.

பதிப்புரிமை விஷயத்தில் ஒரு கண்ணி. வரைந்ததெல்லாம் உயிர் பெறும் மாயத் தூரிகை வைத்திருந்த மா லியாங் என்ற சீனச் சிறுவன் கதை, "சீன நாட்டுப்புறக் கதை" என்ற பெயரில் உலகெங்கும் சுற்றுகிறது. அது ஹோங் ஷுன்தாவ் 1950-களில் எழுதிய கதை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும், இலங்கையில் 70. ஒரு கதைக்கு 1900-க்கு முந்தைய அச்சு வடிவமோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாய்மொழி வடிவங்களோ கிடைக்கவில்லை என்றால் உஷாராகுங்கள்.

உலர்பழத்துக்குப் பயந்த புலி

வேற்று நாட்டுக் கதையை அந்த நாட்டிலேயே வைத்துச் சொல்ல விரும்பினால் வேலை வேறு. கொரியாவில் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு கதை. பசித்த புலி ஒரு பனியிரவில் ஊருக்குள் வருகிறது. ஒரு வீட்டில் குழந்தை அழுகிறது. "நரி வந்துடுச்சு", "கரடி வந்துடுச்சு", "புலியே வந்துடுச்சு" என்று அம்மா சொல்லியும் அழுகை நிற்கவில்லை. "இந்தா, கொத்கம்" என்றதும் கப்சிப். என்னைவிடப் பெரிய அந்தக் கொத்கம் யார் என்று புலி நடுங்கிப் போகிறது. கொட்டிலில் மாடு திருட வந்தவன் இருட்டில் புலியின் முதுகில் ஏற, கொத்கம்தான் பிடித்துக்கொண்டது என்று அது தலைதெறிக்க ஓடுகிறது.

கொத்கம் என்பது உலர்த்திய பெர்சிமன் பழம். கொரியக் குழந்தைக்கு இது தெரியும், அதனால் சிரிக்கிறது. தமிழ்க் குழந்தைக்குத் தெரியாது. புலியைப் போலவே அதுவும் விழிக்கும். நடுவில் நிறுத்தி விளக்கினால் நகைச்சுவை செத்துவிடும். ஆகவே புலி வருவதற்கு முன்பே, முதல் விரிப்பிலேயே (விரிப்பு என்பது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்), பாட்டி ஆரஞ்சு நிறப் பெர்சிமன் பழங்களைத் தோல் சீவி, நூலில் கோத்து, கூரை இறவாணத்தில் தொங்கவிடுவதைக் காட்டிவிட வேண்டும். ஒரு வரி போதும்: "காய்ந்து சுருங்கினால் கொத்கம். தேன் மாதிரி இனிக்கும்." இனி வாசிக்கிற குழந்தைக்குத் தெரியும், புலிக்குத்தான் தெரியாது. கதை முழுக்க அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. "பேரீச்சம்பழம்" என்று மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். மாற்றினால் பனியிரவும் இறவாணமும் பொருளிழக்கும். வைத்துக்கொள்வதே நல்லது.

வழக்கமான படக்கதைப் புத்தகம் 32 பக்கம். தலைப்பு, உரிமைப் பக்கம் போக 12 முதல் 14 விரிப்புகள் மிஞ்சும். ஒரு விரிப்புக்கு 20 முதல் 35 சொல், மொத்தம் 350-ஐத் தாண்ட வேண்டாம். இந்தக் கதையில் பழம் ஒரு விரிப்பு, பனியில் புலி ஒன்று, அழுகை ஒன்று, நரி, கரடி, புலிக்குத் தலா ஒன்று. ஏழாவது விரிப்பில் சட்டென்று அமைதி. அங்கே "கொத்கம்" என்ற ஒரு சொல்லைத் தவிர எழுத்தே இல்லாமல் விட்டால்கூடத் தகும். பக்கம் திருப்பும் இடத்தில் கேள்வி நிற்க வேண்டும். பதில் அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும். "இந்தா…" என்று முடிந்து, திருப்பினால் "கொத்கம்!" இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுப் பாழாக்கிய கையெழுத்துப் படிகள் ஏராளம்.

பல்லவி

வாய்மொழிக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று இருக்கும். கொரியாவின் சூரியன்–சந்திரன் கதையில் மலை மலையாகத் தாண்டி வீடு திரும்பும் தாயை மறித்துப் புலி கேட்கும்: ஒரு தொக் கொடுத்தால் பிடித்துத் தின்ன மாட்டேன். தொக் என்பது அரிசிமாவுப் பண்டம். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நாக்கில் நிற்காது. "கொழுக்கட்டை ஒண்ணு கொடு, கடிக்காம விட்டுடறேன்" என்றால் மூன்றாம் முறை குழந்தைகளே கூடச் சொல்வார்கள். இரண்டுமே அரிசிமாவை ஆவியில் வேகவைப்பது என்பதால் கொழுக்கட்டை என்பது பொய்யும் ஆகாது. பல்லவியை உட்கார்ந்து எழுதாதீர்கள், நடந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். மோமொத்தாரோ கதையில் ஆற்றில் மிதந்து வரும் பழத்துக்கு ஜப்பானியர் "டொன்புராக்கோ, டொன்புராக்கோ" என்று ஓசை வைத்திருக்கிறார்கள். தமிழில் இரட்டைக்கிளவிக்குப் பஞ்சமா? தடதட, சலசல, மொறுமொறு எல்லாம் நம் கைவசம்.

பயத்தை எவ்வளவு வைப்பது

மேலே சொன்ன கதையில் புலி தாயைத் தின்றுவிடுகிறது. பிள்ளைகள் மரமேறி, வானிலிருந்து இறங்கிய கயிற்றைப் பிடித்துச் சூரியனும் சந்திரனும் ஆகிறார்கள். புலியின் கயிறு இற்று, அது சோளக்கொல்லையில் விழுகிறது. சோளத்தட்டை சிவப்பானது அந்த ரத்தத்தால் என்பார்கள். வியட்நாமின் தாம்–காம் கதை முடிவு இதைவிடக் கொடூரம்.

ஐந்து வயதுக்குள் என்றால் இப்படிப்பட்ட கதையை மழுப்பிச் சொல்வதைவிட வேறு கதை தேர்ந்தெடுப்பதே சரி. தாயைப் பிழைக்க வைத்தால் பிள்ளைகள் ஏன் வானத்துக்குப் போக வேண்டும்? கதையின் காரணமே உடைந்துவிடும். எட்டு வயதுக்கு மேல் என்றால் மரணத்தை ஒரே வாக்கியத்தில், நிறம் கூட்டாமல் சொல்லிவிட்டு நகருங்கள். சின்னவர்களுக்குச் சாவி உள்ள பயம் ஏற்றது. ஜப்பானின் ஆற்றுப்பூதமான கப்பாவின் உச்சந்தலைக் குழியில் தண்ணீர் இருக்கும், அதில்தான் அதன் பலம். குனிந்து வணக்கம் சொன்னால் பதிலுக்கு அதுவும் குனியும், தண்ணீர் கொட்டிவிடும். பூதமும் பயமுறுத்தும், சாவியும் குழந்தை கையில் இருக்கும்.

வழிபாட்டில் இருக்கும் உருவங்களிடம் கவனம் வேண்டும். ஆண்டின் கடைசி நாளில், விற்காத தொப்பிகளைப் பனியில் நின்ற ஆறு ஜிஸோ சிலைகளுக்கு (ஜிஸோ, குழந்தைகளைக் காப்பதாக ஜப்பானியர் வணங்கும் பௌத்த உருவம்) அணிவிக்கும் தாத்தா கதை அருமையானது. ஒரு சிலைக்குத் தொப்பி போதாமல் தன் தலைத்துண்டையே கட்டிவிடுவார். ஆனால் ஜிஸோவின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுகிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் உண்டு. அந்தச் சிலையைக் கோமாளி ஆக்கக் கூடாது.

ஓவியருக்கு எழுதும் குறிப்பு

கதை சரியாக இருந்தும் படத்தில் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. கிமோனோவின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு. சோற்றில் உணவுக் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்துவதும் இறப்புச் சடங்கின் அடையாளம். கிழக்காசிய டிராகன் மழை தருவது, நெருப்புக் கக்கும் ஐரோப்பியப் பிராணி வேறு. மலாய்க் கதைகளில் வரும் சாங் கஞ்சில் என்ற தந்திரக்காரச் சிறுவிலங்கைப் புள்ளிமான் குட்டி போலக் கொம்போடு வரைந்துவிடுகிறார்கள். அதற்குக் கொம்பே கிடையாது, முயல் அளவுதான் இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சருகுமான் அதன் உறவினம், அதன் படத்தைக் காட்டினால் ஓவியருக்குப் புரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் நான்கைந்து குழந்தைகளுக்குப் படம் காட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் படியின் ஓரத்தில் இரண்டே குறிகள்: "அப்புறம்?" என்று கேட்ட இடத்தில் ஒரு புள்ளி, உடம்பு நெளிந்த இடத்தில் ஒரு கோடு. கோடு விழுந்த இடம் பெரும்பாலும் வருணனையாகவோ நீதியாகவோ இருக்கும். அதை வெட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து வேறு குழந்தைகளுக்கு வாசியுங்கள். கடைசிப் பக்கத்தில் "கொரிய நாட்டுப்புறக் கதையின் மறுகூறல்" என்றோ, "ஜாதகக் கதை ஒன்றின் முடிச்சிலிருந்து பிறந்த புதிய கதை" என்றோ எது உண்மையோ அதை எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டதென்றால், அவர் சம்மதித்தால், சொன்னவரின் பெயரும் ஊரும் அங்கே வர வேண்டும்.