எழும்பூர் மியூசியத்தில் ஆசியாவைத் தேடுவது எப்படி?

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பிள்ளைகளை அழைத்துப் போனால் திமிங்கல எலும்புக்கூட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்றால் நகர மாட்டார்கள் (என் அக்கா மகன் அப்படித்தான்).

முதலில் ஆந்திராவின் அமராவதிப் புத்த ஸ்தூபத்துச் சிற்பங்கள். பழைய பலகைகளில் புத்தர் உருவம் இருக்காது. காலி இருக்கை, பாதச் சுவடு, போதி மரம், இவைதான் அவர். "புத்தர் எங்கே?" என்று பிள்ளைகளையே தேடவிடுங்கள்.

அப்புறம் வெண்கலக் கூடம். எல்லோரும் நடராஜரிடம் கூடுவார்கள். நீங்கள் நாகப்பட்டினத்துப் புத்தர்களிடம் போங்கள். தலை உச்சியைப் பாருங்கள்: தீச்சுடர் மாதிரி ஒன்று எழும். இலங்கை, தாய்லாந்துப் புத்தர்களிடமும் இந்தச் சுடரைக் காணலாம்.

இங்கே கதை சொல்ல வேண்டும். முதலாம் ராஜராஜன் காலத்தில் சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மன்னர் நாகையில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார். சைவரான சோழர் அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தார். 1025-இல் அவர் மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பினார்! கடல் வணிகம் என்றால் சும்மாவா? ஆனாலும் போக்குவரத்து நிற்கவில்லை. சீனாவின் சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

வெளியே மர நிழலில் உட்கார்ந்து, போனில் வரைபடத்தைத் திறந்து நாகை, மலேசியாவின் கெடா (அன்று ஸ்ரீவிஜயத்தின் கடாரம்), சுவான்சௌ மூன்றையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திமிங்கலம் அதற்குப் பிறகுதான்.