டிரெண்டுக்கு வாங்கிய துணியை உடம்புக்குக் கொண்டுவந்தது

டிராப் ஷோல்டர் டி-ஷர்ட்டை டெய்லரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. தோள் தையல் எலும்பைத் தாண்டி 2 அங்குலம் தொங்கினால், கையைப் பிரித்து அக்குள் வளைவையே புதிதாக வெட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு வேறொன்றே வாங்கிவிடலாம். 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) துணி சென்னை வெயிலுக்கு ஆகவும் ஆகாது. 160 முதல் 180 போதும். அந்த டி-ஷர்ட்டை வீட்டுக்குப் போட ஒதுக்கிவிட்டேன்.

பேகி ஜீன்ஸ் தப்பித்தது. முதலில் இரண்டு தடவை துவைத்தேன். காட்டன் சுருங்கியபின் அளவெடுத்தால்தான் சரியாக வரும். காலின் உள்பக்கம் மடக்கி இரட்டைத் தையல் போட்டிருந்ததால், பிரிக்கச் சுலபமான வெளிப்பக்கத் தையலில் பிடிக்கச் சொன்னேன். அடிச்சுற்று 20 அங்குலத்திலிருந்து 16 ஆனது. முழங்காலில் சட்டென்று குறைத்தால் அந்த இடம் முட்டிக்கொண்டு தெரியும். நடுத்தொடையிலிருந்தே சாய்வாக இறக்க வேண்டும்.

வெளியே விடும் சட்டை ஜிப்பின் பாதியில் நிற்கட்டும், அதற்குக் கீழே போனால் ஜிப்பா.

இப்போது கடைக்கு டேப்போடுதான் போகிறேன். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைப் பட்டன் போட்டுத் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை எடுத்த அளவு 21. லேபிளில் எல் என்றிருந்தாலும் எக்ஸ்எல் என்றிருந்தாலும், அந்த 21 வந்தால்தான் பில் போடுவேன்.